மூன்றாவது சீட்டு

அத்தை செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கை முடித்து, விடையைப் பலகையில் எழுதி, பிள்ளைகள் எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்களா என்று சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். சேதி கொண்டுவந்த ஆள் நான் அதிர்ச்சியில் அப்படி இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “அழுதிருங்க டீச்சர், அழுதா லேசாயிரும்” என்றான். எனக்கு ஏற்கெனவே லேசாகத்தான் இருந்தது.

என் அப்பாவின் அக்கா அவள். வீட்டில் ‘அவுக’ என்றுதான் சொல்லவேண்டும். தவறி ‘அவள்’ என்று வாயில் வந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். இப்போது கிள்ள ஆள் இல்லை, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பெயரைப் பெரிதாக வெட்டிவைத்திருக்கிறார்கள், அது போதும்.

நெட்டையான உடம்பு. பாம்படத்தைக் கழற்றி எந்தக் காலமோ ஆகியும் காது தோள்வரை தொங்கும். விதவை என்பதால் வெள்ளைச் சேலை, கழுத்துவரை மூடிய ரவிக்கை. துணியில் சுற்றிய வேதபுத்தகத்தை இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவது மிஷனில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. அதை நன்றாகவே செய்தாள். கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கு மறுநாளும் போவாள், அதற்கு மறுநாளும் போவாள். கடைசியில் அவர்கள் சலித்துப்போய்ப் பாயை விரிப்பார்கள்.

முதல் பதிலை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவளைப் பற்றி இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டிய பதில் ஒன்று மனதில் இருக்கும். அது கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிடுவாள். “இன்னொரு தரம் பாப்போம்” என்பது அவள் வாயில் எப்போதும் கிடக்கும் பேச்சு.

ஒரு தடவை அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் திருநெல்வேலி வண்டி எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டாள். பத்தரை என்றார் அவர். அவளுக்குச் சந்தையில் இன்னும் வேலை பாக்கியிருந்தது. வெளியே வந்து மாட்டுவண்டிக்காரன் ஒருவனிடம் கேட்டாள். அவனும் பத்தரை என்றான். முறுக்கு விற்கிறவளிடம் கேட்டாள். “பதினொண்ணு ஆவும்மா” என்றாள் அவள். “இவ தெனமும் இங்கன கெடக்கவ, இவளுக்குத் தெரியாதா?” என்று அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது வண்டியின் புகைகூட இல்லை. முறுக்குக்காரியை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், “அடிச்சுச் சொல்லப்பிடாதாய்யா?” என்று சண்டை போட்டாள். நான் வெட்கத்தில் எடை போடும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மனிதர்களிடம் இப்படியென்றால் போகட்டும். ஆண்டவரையும் அவள் விடவில்லை.

எந்தக் காரியத்துக்கும் சீட்டெடுப்பாள். பனங்காட்டுக்காரி ஆனதால் காகிதம் பிடிக்காது. குருத்தோலையை விரலளவுக்கு நறுக்கி, ஒன்றில் ‘செய்’ என்றும் இன்னொன்றில் ‘செய்யாதே’ என்றும் எழுத்தாணியால் கீறுவாள். இரண்டையும் சுருட்டி ஓலைக் கொட்டானில் போட்டு, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டார்கள் என்பாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் பலரும் இப்படிப் பார்ப்பதுண்டு, அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் ஒரு தரம் எடுப்பார்கள். வந்ததை ஏற்றுக்கொண்டு எழுந்துபோவார்கள்.

அவள் எடுத்தது பிடிக்காவிட்டால் அதில் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவாள். யாரோ இருமிவிட்டார்கள். யாரோ ஆமென் சொல்லவில்லை. வாசலில் ஆடு கத்திவிட்டது. “இது செல்லாது. இன்னொரு தரம் பாப்போம்.” ஒரு கறுப்புப் பசுவை வாங்கலாமா என்று பார்த்தபோது இரண்டு தடவை ‘செய்யாதே’ வந்தது. மூன்றாவது தடவை ‘செய்’ வந்ததும் “ஆண்டவர் பேசிட்டாரு” என்று எழுந்து முந்தானையை உதறினாள். அந்தப் பசு கறக்கப்போன என் அம்மாவை இடுப்பில் உதைத்தது. அம்மா ஒரு மாதம் குனிய முடியாமல் நடந்தாள். “ஒனக்குப் பசுவப் புடிக்கத் தெரியல” என்றாள் அத்தை.

அப்பா அப்போது ஆற்றங்கரையில், அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சிறு சபைக்கு உபதேசியாராக இருந்தார். வேதக்கோயிலை ஒட்டி மிஷன் கொடுத்த வீடு. அதில் நான், அப்பா, அம்மா, அத்தை, அத்தையின் ஒரே மகன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மூன்று வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் கல்யாணம் என்பது நான் பிறந்தபோதே அத்தை தனக்குத் தானே கேட்டுத் தனக்குத் தானே பதில் சொல்லி முடித்துவைத்திருந்த விஷயம்.

நான் பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தின் போர்டிங்கில் தங்கிப் படித்தேன். மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுத அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பெண்களை அனுப்பினார்கள். நால்வர் தேறினார்கள். நான் கணக்கில் போனேன்.

எப்படிப் போனேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தொட்டியில் இரண்டு குழாய் நீரை நிரப்ப, ஒரு குழாய் வெளியேற்றும் கணக்கு ஒன்று. போட்டேன், விடை வந்தது. அந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. பின்னம் அசிங்கமாக இருந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டேன், அதே விடை வந்தது. மறுபடி அடித்துவிட்டு வேறு வழியில் போட்டேன், ஏதோ ஒரு முழு எண் வந்தது. திருப்தியாக அடுத்த கணக்குக்குப் போனபோது மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. வெளியே வந்து மற்றவர்களைக் கேட்டால், அந்த அசிங்கமான பின்னம்தான் சரி. அவள் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. பரீட்சையில் போனதைவிட அது எனக்குக் கசந்தது.

அந்தக் காலத்து மெட்ரிகுலேஷனில் ஒரு பாடத்தில் போனாலும் போனதுதான். மறுபடி எழுதவேண்டுமென்றால் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதவேண்டும். ஆனால் போனவர்களுக்கும் ஒரு மரியாதை இருந்தது. ‘மெட்ரிகுலேஷன் ஃபெயில்’ என்று சொல்லி வேலை கேட்பார்கள், பெண் கேட்பார்கள். பாதி வழி ஏறிவிட்டு அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் எங்கள் சபையிலேயே ஏழெட்டுப் பேர் உண்டு. எனக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கவில்லை. பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். “காலேஜில் எஃப்.ஏ. வகுப்பில் உனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் வைத்திருப்பேன். டிசம்பரில் எழுதித் தேறினால் இடம் உனக்கு. இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன்” என்றார். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும், செப்டம்பருக்குள் அனுப்பவேண்டும்.

நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மறுபடி எழுதுவதா, வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஏழு மாதம் ஓடியது. எழுதப்போகிறவள் நான். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

“அவன் ரெண்டு தரம் எழுதிப் போனவன்” என்றாள் அத்தை, அத்தானைக் கண்ணால் காட்டி. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பெண்டாட்டி பாஸ் பண்ணுனவளா இருந்தா இவன் அவ முன்னால எப்படிச் சோறு திம்பான்?”

“அப்ப அவளையும் விட்டிருங்க, என்னையும் விட்டிருங்கம்மா” என்றார் அத்தான். “எனக்குப் படிப்பு ஏறல. நான் ஒரு கடையில நிக்கேன்.”

“ஒன்ன யாருலே கேட்டா?”

அத்தானுக்கும் சீட்டெடுத்தாள். மூன்றாம் தடவையாகப் பரீட்சை எழுதலாமா என்று. முதலில் ‘எழுதாதே’ வந்தது. அத்தான் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அவளும் பார்த்திருப்பாள். அவர் குடுமி ஈரமாக இருந்தது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டு இன்னொரு தரம் எடுத்தாள். ‘எழுது’ வந்தது. அந்த மனிதர் மொத்தம் நான்கு தரம் எழுதினார். எழுத ஆசைப்பட்டவளுக்கு ஒரு தரம் போதும், வேண்டாம் என்றவனுக்கு நான்கு தரம். பிற்பாடு அவர் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குக் கப்பலேறினார். கடிதங்கள் என் அம்மா பெயருக்குத்தான் வரும், தன் தாய்க்கு ஒரு வரி போட்டதில்லை.

என் சீட்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எடுக்கப்பட்டது. குடும்ப ஜெபம் முடிந்ததும் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. கொட்டானை முன்னால் வைத்து, என் பெயரைச் சொல்லி நீளமாக ஜெபித்தாள். எடுத்தாள். பிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு எழுத்து தெரிந்தது. ‘எழுது.’

“ஒங்க அம்மை சரியா முழங்கால் போடல” என்றாள். பசு உதைத்த இடுப்போடு அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தாள். இடுப்பை நிமிர்த்தி நேராக நின்றாள். அவளுக்கு வலித்ததை நான் பார்த்தேன்.

மறுபடி ஜெபம். மறுபடி எடுத்தாள். ‘எழுது.’

“கோழி கத்திச்சு. மனசு ஒருமிக்கல.”

கோழி கத்தவில்லை. கத்தியிருந்தாலும் அது ஆண்டவருக்குப் புதிதல்ல. மூன்றாவது தரம் எடுத்தாள். ‘எழுதாதே.’ அவள் தோள் இறங்கியது. “ஆமென்” என்றாள். “கேட்டியாட்டி? ஆண்டவர் பேசிட்டாரு.” இரண்டு ஓலை நறுக்கையும் அப்போதே அடுப்பில் போட்டாள்.

“அத்தை, இன்னொரு தரம் எடுங்க” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அருவருப்பு இருந்தது, நடிப்பு இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“ஆண்டவரச் சோதிக்கப் பாக்கியா? ஒரு தரம் சொன்னா கேக்கணும். பரீட்சையும் அப்படித்தான். வேண்டாம்னு ஒரு தரம் காட்டிட்டாரு. ரெண்டாந் தரம் போய் நிக்கது அகம்பாவம்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடித் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் வந்தது. விண்ணப்பம் என் பெட்டியில் கிடந்தது. ஒருநாள் மாலை அப்பா கோயிலில் தனியாக விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அப்பா, அன்னைக்கு அத்தை எத்தன தரம் எடுத்தாங்க?”

“மூணு தரம்” என்றார் உடனே. “எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப ஏன் வாயத் தெறக்கல?”

எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தார். ஞானஸ்நானத் தொட்டியின் படியில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், சாத்தான்குளத்துப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தாது வருஷப் பஞ்சத்தில் அவர்களுடைய தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவுக்கு மூன்று. கஞ்சித்தொட்டிக்கு அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். மண் சுமக்க முடியாதவர்களுக்குக் கஞ்சி இல்லை என்று ஓவர்சியர் விரட்டினார். மறுநாளும் போனாள். விரட்டினார். மூன்றாம் நாள் அவர் காலடியில் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். பிள்ளை அழக்கூட முடியாமல் கிடந்தது. ஓவர்சியர் ஒரு சிரட்டை கஞ்சி ஊற்றச் சொன்னார். பிற்பாடு மிஷன் அநாதை விடுதிக்காரர்களும் இரண்டு தரம் இடமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா இல்லன்னா நான் இல்ல” என்றார் அப்பா. “அவளுக்கு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது தாயி.”

இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் அவளை மன்னிக்கச் சொல்வார்கள். ஒரு சிரட்டை கஞ்சிக்கு முப்பத்தைந்து வருஷம் ஒரு மனிதனை வாய்திறக்காமல் வைத்திருந்தாள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

“மொதத் தரம் போன்னு சொன்ன ஓவர்சியர் பேச்ச அத்தை கேட்டிருந்தா நீங்க இருப்பீங்களாப்பா?”

அப்பா படியிலிருந்து எழுந்தார். “நீ அப்படியே அக்காவைக் கொண்டு பொறந்திருக்க” என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். விண்ணப்பத்தை நீட்டினேன். கையில் எண்ணெய் இருக்கிறது என்று வேட்டியில் இரண்டு தரம் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவரே என்னை ரயிலேற்றிப் போர்டிங்கில் கொண்டுவிட்டார். திரும்பிப் போய் அக்காவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவள் செய்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். எங்கள் அடுப்பில் சமைத்ததைத் தொடமாட்டேன் என்று தனி அடுப்பு வைத்தாள். மூன்றாம் நாள் புறப்பட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தாள். போர்டிங் வாசலில் நின்று என்னை அனுப்பச் சொன்னாள். மிஸ்ஸியம்மா முடியாது என்றார். மறுநாளும் வந்தாள், முடியாது என்றார். அடுத்த நாளும் வந்தாள். மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் அவள் வெள்ளைச் சேலை கண்ணைக் கூசவைத்தது. மிஸ்ஸியம்மா வெளியே வரவே இல்லை, காவல்காரரை விட்டுக் கேட்டைப் பூட்டச் சொன்னார். அத்தை ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. சந்தோஷமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியபின் தினமும் குடும்ப ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தாளாம். நான் தவறவேண்டும் என்று. மறைத்து வேறு வார்த்தையில் சொல்லவில்லை, நேராகவே கேட்டாளாம். “இந்தப் பிள்ளைய நீரே மறுபடியும் கீழ தள்ளும். அப்பவாவது புத்தி வரட்டும்.” அப்பா அதற்கும் ஆமென் சொன்னாரா என்று அம்மாவிடம் கேட்டேன். “உதடு அசைஞ்சுது” என்றாள் அம்மா. சத்தம் வந்ததா என்று நான் மேலே கேட்கவில்லை.

டிசம்பரில் எழுதினேன். கணக்குத் தாளில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தரம் போட்டேன். வந்த விடை அழகாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும் அடியில் கோடு போட்டு அடுத்ததற்குப் போனேன். நடுவில் ஒரு விடை சந்தேகமாகத்தான் இருந்தது. பேனாவை அதன்மேல் கொண்டுபோய்விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துவிட்டேன். அந்த மூன்று மணி நேரம் நான் கணக்கோடு சண்டை போட்டதைவிட அவளோடு சண்டை போட்டதுதான் அதிகம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து காத்திருந்தேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்கு அரசாங்க கெஜட் வரும், தேறியவர்களின் நம்பர் அதில் இருக்கும். அத்தான்தான் பார்த்துவரப் போனார். அவரும் அதே டிசம்பரில் மூன்றாம் தரமாக எழுதியிருந்தார். மதியம் திரும்பிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோர் முன்னிலும் சொன்னார்.

“ஏட்டி, ஒன் நம்பர் இருக்கு. என் நம்பர் இல்ல.”

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். அம்மா அழுதாள். அப்பா என் தலையில் கைவைத்தார். அத்தை, தன் மகன் போன திசையைப் பார்த்தாள். பிறகு தன் தனி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை வடித்து, அதைக் கொண்டுவந்து எங்கள் சட்டியில் கொட்டினாள். தோற்றுவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. சுற்றுவட்டாரச் சபைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் சேகரத்து ஐயர் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். பக்கத்து ஊர்ச் சபைகளெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் யாராவது சாட்சி சொல்லலாம் என்றார் ஐயர். பெண்கள் பக்கத்தில் முதல் பாயிலிருந்து அத்தை எழுந்தாள்.

“எங்க தம்பி மக போன வருஷம் பரீட்சையில தவறிட்டா. இன்னொரு தரம் எழுதவா, வேண்டாமான்னு வீட்டுல எல்லாருக்கும் கலக்கம். நான் ஆண்டவர் சமுகத்துல முழங்கால் போட்டுச் சீட்டெடுத்தேன். மொதச் சீட்டுலயே ‘எழுது’ன்னு சொல்லிட்டாரு. இன்னைக்கு இந்தப் பிள்ளை பாஸ் பண்ணி நிக்கா. காலேஜுக்குப் போகப் போறா. ஸ்தோத்திரம்.”

சபை முழுவதும் ‘ஸ்தோத்திரம்’ என்றது. முந்நூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள், என்னைவிட அதிகமாக அவளைப் பார்த்தார்கள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சகோதரியின் விசுவாசத்தைப் பாருங்கள்” என்று அதையே வைத்து இன்னும் கொஞ்சம் பேசினார். முன்வரிசையில் அப்பா தலையைக் குனிந்திருந்தார். நான் எழுந்து நின்று இல்லை என்று கத்தவேண்டும் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதம் அந்த வீட்டில் நான் பட்டது, அப்பா முதல்முறையாக அக்காவை மீறிப் போட்ட கையெழுத்து, அம்மா வலியோடு நேராக நின்ற முழங்கால், எல்லாம் போயிற்று. அவளுடைய சீட்டு மட்டும் நின்றது. காலேஜில் சேர்ந்தபின்னும் கேட்டார்கள்: “ஒங்க அத்தை சீட்டெடுத்துத்தான் நீ எழுதினியாமே?”

எல்லாம் முடிந்து கோயிலுக்குப் பின்னால் சபையாருக்கு அசனச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு அவள்தான் நின்றாள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் நகரும்வரை காத்திருந்து, இலையை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

“அத்தை, மூணு தரம் எடுத்தீங்க.”

“ஆமா” என்றாள்.

“மூணாந் தரம் எழுதாதேன்னுதான் வந்துது.”

“ஆமா.”

“நான் தோக்கணும்னு தெனமும் ஜெபம் பண்ணுனீங்க.”

“பண்ணுனேன். யாரு இல்லன்னா?”

“அப்ப அங்கன ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவள் அகப்பையைத் தட்டி ஒட்டிய பருக்கையை உதிர்த்தாள். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை.

“நான் மொதச் சீட்டத்தான சொன்னேன். அது பொய்யாட்டி?”

பொய் இல்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் என் இலையில் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி தாங்கவில்லை. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போனேன். அவள் கையால் பிறகு ஒருவாய் வாங்கியதில்லை.